சய தர சய ஏன் சக?



சென்ற மாதம் சுயதொழில் செய்பவர்களின் வரிப் படிவம் பற்றிப் பேசிய நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நேரம் முடிந்து, செய்தி ஆரம்பித்த பிறகும் ஒரு தொலைபேசி அழைப்புக் காத்துக்கொண்டு நின்றது. எடுத்தேன். ஈஸ்ற் ஹாமில் இருந்து ஒரு தாய்.

"அண்ணை, இது வரிக் கேள்வி இல்லை. குறை நினைக்காதேங்கோ" என்று தொடங்கினார்.

மகன் எட்டாம் ஆண்டில் படிக்கிறான். வீட்டுப்பாடத்தில் மைனஸ் மூன்றை மைனஸ் நான்கால் பெருக்கச் சொல்லியிருக்கிறார்கள். விடை பிளஸ் பன்னிரண்டு என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை. தாயிடம் கேட்டிருக்கிறான். இவரும், "சய தர சய, சக. எங்கட மாஸ்டர் அப்பிடித்தான் படிப்பிச்சவர்" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப உங்களுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பையன் மாடிக்குப் போய்விட்டான்.

"அவன் கோபத்திலை சொல்லேல்லை அண்ணை. சாதாரணமாத்தான் சொன்னவன். அதுதான் எனக்கு ஒருமாதிரிப் போச்சு. நான் வன்னியிலை இடம்பெயர்ந்து இருந்துகொண்டு ஓ/எல் எழுதி, கணக்குக்கு டி எடுத்தனான்."

அந்த நாளில் டி என்றால் அதிசிறப்பு. இங்கே பிறந்த பிள்ளைக்கு அதைச் சொன்னால் சிரிப்பான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு யோசித்தேன். இந்தக் கேள்வியை நானும் கேட்டவன்தான். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பில், 'திசைகொண்ட எண்கள்' படிப்பித்த நாளில், எழும்பி நின்று ஏன் என்று கேட்டேன். "பாடமாக்கு, பிறகு விளங்கும்" என்றார் மாஸ்டர். பாடமாக்கினேன். வணிகத்துறையில் பட்டம் எடுத்தேன், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்து கணக்காளர் பரீட்சைகள் எழுதினேன், மற்றவர்களின் கணக்கைப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. "பிறகு விளங்கும்" என்ற அந்தப் பிறகு எப்போது வந்தது என்று கேட்டால், ஒரு கடையில் ரில்லுக்குப் பின்னால் நின்றபோது வந்தது என்றுதான் சொல்லவேண்டும். அந்தத் தாய்க்கும் அதைத்தான் சொன்னேன். அவரும் ஒரு பலசரக்குக் கடையில் ரில்லில் வேலை செய்பவர்.

"தங்கச்சி, ரில் வேலை செய்யவில்லை. ஒரு ஆள் 19 பக்கற் பிஸ்கற்றோடு வந்து நிற்கிறார். ஒரு பக்கற் 99 பென்ஸ். எவ்வளவு வாங்குவீர்கள்?"

மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "பதினெட்டுப் பவுண் எண்பத்தொரு பென்ஸ். பத்தொன்பது பவுணிலை பத்தொன்பது பென்ஸ் குறைய."

சரியான விடை, சரியான குறுக்குவழி. நான் அவரை வேண்டுமென்றே நீண்ட வழியால் கூட்டிக்கொண்டு போனேன். நீங்களும் வாருங்கள்.

19 என்பது 20இல் ஒன்று குறைவு. 99 என்பது 100இல் ஒன்று குறைவு. முதலில் தாராளமாக 20 பக்கற், ஒவ்வொன்றும் ஒரு பவுண் என்று வைப்போம். 2000 பென்ஸ். இனிமேல் திருத்தவேண்டும். விலையில் பக்கற்றுக்கு ஒரு பென்ஸ் கூடப் போட்டுவிட்டோம், ஆகவே 20 பக்கற்றுக்கு 20 பென்ஸ் கழிப்போம். 1980. ஒரு பக்கற் கூட எண்ணிவிட்டோம், ஆகவே அதன் விலை 100 பென்ஸையும் கழிப்போம். 1880.

ஆனால் சரியான விடை 1881. ஒரு பென்ஸ் எங்கே போனது?

அந்த இல்லாத இருபதாவது பக்கற்றைப் பாருங்கள். அதற்காக 100 பென்ஸ் முழுவதையும் கழித்துவிட்டோம். அதற்கு முன்பே, விலையைத் திருத்தும்போது, அதே பக்கற்றுக்கு ஒரு பென்ஸ் கழித்திருந்தோம். வாங்காத பக்கற்றுக்கு 100 பென்ஸ் மட்டுமே கணக்கில் ஏறியிருந்தது. நாங்களோ 101 பென்ஸ் கழித்திருக்கிறோம். ஒரு பென்ஸ் கூடக் கழிபட்டுவிட்டது. அதைத் திருப்பிப் போடவேண்டும். கூட்டவேண்டும்.

இதையே எண்களில் எழுதினால் (20 − 1) × (100 − 1). நான்கு துண்டுகள் வருகின்றன. 20 × 100 = 2000. 20 × (−1) = −20. (−1) × 100 = −100. கடைசித் துண்டு (−1) × (−1). அது +1 ஆக இருந்தால்தான் கணக்கு 1881இல் வந்து நிற்கும். −1 என்று போட்டால் 1879. கடை முதலாளிக்கு இரண்டு பென்ஸ் நட்டம், உங்களுக்கு ஒரு முறைப்பு.

சய தர சய சக என்பது யாரோ இட்ட கட்டளை அல்ல. கழித்ததில் ஒரு பகுதியை இரண்டு தரம் கழித்துவிட்டோம், அதைத் திருப்பிக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

பையனுக்கென்று ஒரு கணக்கும் சொல்லி அனுப்பினேன். 17 பக்கற், ஒன்று 96 பென்ஸ். 20இல் மூன்று குறைவு, 100இல் நான்கு குறைவு. 2000இலிருந்து 80 கழித்து, 300 கழித்தால் 1620. பேப்பரில் வழமைபோலப் பெருக்கிப் பார்த்தால் 1632. அந்தப் பன்னிரண்டுதான் அவன் கேட்ட பன்னிரண்டு, (−3) × (−4).

இனி வகுத்தலுக்கு வருவோம். இதற்குக் கடையை விட்டுவிட்டு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது நம்மில் அநேகர் வீட்டில் மாதாமாதம் நடப்பது. ஊரில் இருக்கும் தாய்க்கு மாதம் 50 பவுண் போகிறது என்று வைப்போம். மற்ற வரவு செலவை மறந்துவிடுங்கள். கணக்கு மாதத்துக்கு −50. இன்றிலிருந்து முன்னோக்கிப் போகும் மாதங்கள் சக, பின்னோக்கிப் போகும் மாதங்கள் சய.

நான்கு மாதம் கழித்து இன்றையிலும் பார்க்க எவ்வளவு வித்தியாசம்? 4 × (−50) = −200. இருநூறு குறைந்திருக்கும். நான்கு மாதத்துக்கு முன்பு? (−4) × (−50) = +200. இன்றையிலும் பார்க்க இருநூறு கூட இருந்தது. யாருக்கும் இதைப் பாடமாக்கத் தேவையில்லை. பழைய வங்கிக் கூற்றை எடுத்துப் பார்த்தால் போதும்.

வகுத்தல் இதே கதையைத் திருப்பிக் கேட்பது. இருநூறு குறைவதற்கு எத்தனை மாதம்? (−200) ÷ (−50) = 4. நான்கு மாதத்தில் இருநூறு குறைந்தால் மாதத்துக்கு எவ்வளவு? (−200) ÷ 4 = −50. இருநூறு கூட இருந்தது எப்போது? 200 ÷ (−50) = −4, அதாவது நான்கு மாதத்துக்கு முன்பு. ஒரே குறி என்றால் சக, வேறு குறி என்றால் சய. பெருக்கலுக்கு உள்ள சட்டம்தான் வகுத்தலுக்கும்.

கடைசியாகச் சொன்ன −4 சும்மா ஒரு குறி அல்ல, அது "முன்பு" என்ற சொல். இதை இந்த நகரத்தில் மிக அழகாகச் சொன்ன ஒரு பேராசிரியர் இருந்தார், அவர் பிறந்த ஊர் மதுரை. ஆம், மீனாட்சி அம்மன் கோயில் இருக்கும் அதே மதுரைதான். ஒகஸ்டஸ் டி மோர்கன். கிழக்கிந்தியக் கம்பனிப் படை அதிகாரி ஒருவரின் மகனாக 1806இல் அங்கே பிறந்தார். குழந்தையிலேயே ஒரு கண் பார்வை போய்விட்டது. ஒரு வயது நிறையுமுன் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1828இல், இன்று கவர் வீதியில் யூனிவர்சிற்றி கொலிஜ் லண்டன் என்று நிற்கும் நிறுவனத்தில் முதலாவது கணிதப் பேராசிரியர் ஆனபோது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. 1865இல் லண்டன் கணிதச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. தன்னை இங்கிலாந்துக்காரன் என்றோ ஸ்கொட்லாந்துக்காரன் என்றோ அயர்லாந்துக்காரன் என்றோ சொல்லமுடியாது, எதிலும் ஒட்டாத ஒரு பிரித்தானியன் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வாராம். நமது வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாக விளங்கும்.

1831இல் கணிதம் படிப்பதில் உள்ள இடர்ப்பாடுகள் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு தந்தையும் மகனும் வருகிறார்கள். தந்தைக்கு 56 வயது, மகனுக்கு 29. இன்னும் எத்தனை வருடத்தில் தந்தையின் வயது மகனின் வயதைப்போல் இரண்டு மடங்காகும்? இருவருக்கும் இடையே 27 வருட வித்தியாசம். ஆகவே மகனுக்கு 27 ஆகும்போதுதான் தந்தைக்கு 54, இரண்டு மடங்கு. மகனுக்கோ இப்போதே 29. விடை −2 வருடம். இப்படி ஒரு விடை வந்தால் அது கேள்வியைக் கேட்ட விதத்தில் உள்ள பிழையைக் காட்டுகிறது என்பது டி மோர்கனின் வாதம். "இன்னும் எத்தனை வருடத்தில்" என்பதை "எத்தனை வருடத்துக்கு முன்பு" என்று மாற்றினால் விடை நேர் எண்ணாக, 2 ஆகிவிடும். அவருக்கு அந்தக் காலத்தில் −2 என்ற எண்ணைத் தனியே நிற்கவிட மனமில்லை. எனக்கென்னவோ, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் அந்த −2இல்தான் ஆச்சரியம் இருக்கிறது.

அவருடைய மாமனார் இன்னும் கடுமையானவர். வில்லியம் பிரெண்ட் என்று பெயர். 1793இல் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்துக்காகக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1796இல் அவர் எழுதிய இயற்கணித நூலில் மறை எண்களுக்கே இடமில்லை. பூச்சியத்திலும் குறைந்த ஒன்று எப்படி இருக்கமுடியும் என்பது அவருடைய கேள்வி. இதிலே ஒரு சுவையான விடயம், இவர் பின்னாளில் லண்டனில் ஒரு ஆயுள் காப்புறுதிக் கம்பனியில் கணிப்பாளராக வேலை பார்த்தவர். நட்டத்தையும் கடனையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே மறை எண் இல்லை என்று சொல்லியிருக்கிறார்! எங்கள் தொழிலை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு அதிசயமாகவும் இராது. இரட்டைப் பதிவு முறையில் நாங்கள் வரவை ஒரு பக்கமும் செலவை மற்றப் பக்கமும் எழுதுகிறோமே தவிர, மைனஸ் போடுவதில்லை. தவிர்க்கமுடியாத இடத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒளித்துவிடுகிறோம்.

பிரெண்டுக்கும் முன்பு, 1758இல், லண்டனில் ஒரு முழு நூலே மறைக் குறிக்கு எதிராக வெளிவந்தது. எழுதியவர் பிரான்சிஸ் மசேர்ஸ். 1731இல் இதே நகரத்தில் பிறந்த சட்டத்தரணி, பிற்காலத்தில் அரச திறைசேரி நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதற்கு மட்டும்தான் மைனஸ், அதற்கு மேல் அதற்கு வேலையில்லை என்று வாதிட்டார். சயவையும் சயவையும் பெருக்கிச் சக எடுப்பதை வெறும் பிதற்றல் என்று தள்ளினார். இவருடைய குடும்பம் பிரான்சிலிருந்து மதத்தின் பெயரால் விரட்டப்பட்டு லண்டனுக்கு அகதிகளாக வந்த புரட்டஸ்தாந்துக் குடும்பங்களில் ஒன்று. அகதியின் பேரன் இந்நாட்டு நீதிமன்றத்தில் பதவி வகித்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இவ்வளவு படித்த மனிதருக்கே சிக்கிய இடத்தில்தான் எங்கள் வீட்டு எட்டாம் ஆண்டுக்காரனும் சிக்கி நிற்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் மந்தமில்லை.

இந்தச் சர்ச்சை லண்டனில் நடந்துகொண்டிருந்தபோது, இதற்கான சட்டங்கள் இந்தியாவில் எழுதப்பட்டு ஆயிரம் வருடங்களுக்கு மேலாகியிருந்தது. இன்றைய ராஜஸ்தானில் பின்மால் என்று அழைக்கப்படும் ஊரில் வாழ்ந்த பிரம்மகுப்தர், 628ஆம் ஆண்டில், தமது முப்பதாவது வயதில் எழுதிய பிராம்ம ஸ்புட சித்தாந்தத்தில் இவற்றை ஒழுங்காக வகுத்து வைத்திருக்கிறார். நேர் எண்ணை அவர் தனம் என்கிறார், செல்வம். மறை எண்ணை ருணம் என்கிறார், கடன். கடனைச் செல்வத்தால் பெருக்கினால் கடன், கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம், வகுத்தலுக்கும் அப்படியே என்று நம் பிள்ளைகள் இன்று படிக்கும் அதே சட்டங்கள். அவருக்கு முன்பே சீனர்கள் எண்கோல்களில் நேர் எண்ணுக்குச் சிவப்பும் மறை எண்ணுக்குக் கறுப்பும் வைத்துக் கூட்டிக் கழித்திருக்கிறார்கள். நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதும் நாங்கள் அவர்களுக்கு நேர் எதிர்.

சய என்று நாம் சொல்வதும் அந்தப் பழைய வழியில் வந்த சொல்தான். சமஸ்கிருதத்தில் க்ஷயம் என்றால் தேய்வு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் மறை எண்ணுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார், அப்படியான எண்ணின் தலையில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுகிறார். உடம்பைத் தேய்க்கும் வருத்தத்துக்குச் சயரோகம் என்று ஊரில் சொல்வார்களே, அதுவும் இதே சொல். ஒக்ஸ்போர்ட்டில் இருக்கும் பக்ஷாலி என்ற பழைய கையெழுத்துப் பிரதியில் மறை எண்ணுக்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஒரு + குறி. ஆம், நாம் பிளஸ் என்று வாசிப்பதை அவர்கள் சய என்று வாசித்தார்கள். குறி எதுவானால் என்ன, கணக்கு ஒன்றுதான்.

பிரம்மகுப்தரும் பாஸ்கரரும் லண்டனுக்கு வந்து சேர்ந்தது 1817இல். வங்காளத்தில் கம்பனி உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஹென்றி தோமஸ் கோல்புரூக் அவர்களுடைய கணிதப் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இங்கே அச்சிட்டார். அதற்குப் பிறகும் டி மோர்கன் 1831இல் −2ஐச் சந்தேகத்தோடுதான் பார்த்தார் என்றால், ஒரு விடயம் அச்சில் இருப்பதும் அது மனதில் இறங்குவதும் வேறு வேறு என்றுதான் கொள்ளவேண்டும்.

கடன், செல்வம் என்று சொல்லிக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் சிறுவயதில் இந்தச் சட்டத்தால் பட்ட அவதியைத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பத்தாயிரம் பிராங்க் கடனை ஐந்நூறு பிராங்க் கடனால் பெருக்கினால் ஒருவன் எப்படி ஐம்பது இலட்சத்துக்குச் சொந்தக்காரன் ஆவான் என்பது அவருடைய கேள்வி. ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார், பயனில்லை. நியாயமான கேள்வி. அப்படி ஆகமுடியுமென்றால் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்கப் பட்ட கடனை வட்டிக்கு எடுத்த கடனால் பெருக்கி நாமெல்லாரும் எப்போதோ பணக்காரர் ஆகியிருப்போம். பதில் இதுதான். பணத்தைப் பணத்தால் பெருக்க முடியாது. பெருக்கலில் ஒரு எண் பணம், மற்றது தடவை. சயத் தடவை என்றால் எடுத்துவிடுவது, நீக்குவது. 20 பவுண் கடன்கள் மூன்றை ஒருவர் உங்களுக்கு மன்னித்துவிட்டால், மூன்று நீங்கியது, ஒவ்வொன்றும் −20. (−3) × (−20) = +60. உங்கள் கையில் காசு வரவில்லை, ஆனாலும் நேற்றையிலும் பார்க்க இன்று 60 பவுண் மேலே நிற்கிறீர்கள். பெரிய கடனோடு வந்து ஒவ்வொன்றாக அடைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தடவைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் ஒரு பெரிய கம்பனியே தடுமாறியதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். எனது வாடிக்கையாளர் ஒருவர், சிறிய கடை வைத்திருப்பவர், அட்டை தேய்க்கும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மூன்று மாதம் 18 பவுண் வீதம் பில்லில் ஏறிக்கொண்டிருந்தது. முறையிட்டோம். திருத்திவிட்டோம் என்றார்கள். அடுத்த பில் வந்தபோது 54 பவுண் நிலுவை 108 ஆகியிருந்தது! பில்லை விரித்துப் பார்த்தால், எண்ணிக்கை என்ற இடத்தில் −3, விலை என்ற இடத்திலும் −18. திருத்தியவர் நல்ல மனதோடு இரண்டு இடத்திலும் மைனஸ் போட்டிருக்கிறார். கணினிக்கு நல்ல மனது கெட்ட மனது தெரியாது. சய தர சய சக. இன்னுமொரு 54 பவுணை ஏற்றிவிட்டது. ஒரு இடத்தில் மட்டும் மைனஸ் போட்டிருந்தால் −54 ஆகி நிலுவை அழிந்திருக்கும். தொலைபேசியில் இருந்த பெண்பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த நாற்பது நிமிடம் எடுத்தது. அவர் இரண்டு தரம் "எல்லாவற்றையும் மைனஸில்தான் போட்டிருக்கிறோமே சேர்" என்றார்.

ஆகவே நேயர்களே, உங்கள் பில்லில் "திருத்தம்" என்று எழுதியிருந்தால் கடைசித் தொகை இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் பலர் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறது என்று கண்டவுடன் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடங்கள் இரண்டைச் சொல்லவேண்டும். "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்று மொட்டையாகப் பாடமாக்கிய பிள்ளை (−3) + (−4) என்ற இடத்தில் +7 என்று எழுதும். இது கூட்டல். மூன்று பவுண் கடனும் நான்கு பவுண் கடனும் சேர்ந்தால் ஏழு பவுண் கடன், −7. சட்டம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும்தான். எங்கள் மாஸ்டர் "சய தர சய" என்று சொன்னதில் அந்தத் "தர" முக்கியம். நம் தமிழில் பாடமாக்கினால் அது கூடவே வரும், விட்டுப்போகாது. ஆகவே அந்தத் தாய் மகனுக்குச் சொன்னது பாதிப் பதில் என்றாலும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடும் பல்லவியிலும் பார்க்கத் திருத்தமான பாதி.

மற்றது வர்க்கம். −2இன் வர்க்கம் (−2) × (−2) = 4. ஆனால் பள்ளிக்கூடக் கல்குலேற்றரில் அடைப்புக்குறி இல்லாமல் −2² என்று தட்டினால் −4 என்று காட்டும். அது முதலில் 2ஐ வர்க்கித்துவிட்டுப் பிறகு மைனஸ் போடுகிறது. நாங்கள் அலுவலகத்தில் பாவிக்கும் எக்செல்லில் அதையே போட்டால் 4 என்று காட்டும். இரண்டு இயந்திரம், இரண்டு விடை. பிள்ளையின் விடையும் உங்கள் விடையும் வேறாக இருந்தால் உடனே ஏசாதீர்கள், அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

போன கிழமை அந்தத் தாய் திரும்ப எடுத்தார். 17 பக்கற் கணக்கை மேசையில் வைத்து, கடையில் செய்வது போலவே செய்து காட்டினாராம். 1620 வந்ததும் பையன், "பன்னிரண்டு காணேல்லை" என்று தானாகவே சொல்லியிருக்கிறான். இல்லாத மூன்று பக்கற்றுக்கும் நாலு பென்ஸ் வீதம் கூடக் கழிச்சுப்போட்டம் என்று கண்டுபிடித்ததும் அவன்தான். "நான் வாயே திறக்கேல்லை அண்ணை" என்றார்.

பிறகு சொன்னார், "இப்ப வேறை ஒண்டு கேக்கிறான். பூச்சியத்தைப் பூச்சியத்தாலை பிரிச்சா என்ன எண்டு."

பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று பிரம்மகுப்தர் எழுதிவைத்திருக்கிறார். அந்த இடத்தில் அவருக்குப் பிழைத்துவிட்டது. ஏன் பிழை என்பதை அடுத்த மாத நிகழ்ச்சியில் எடுத்துக்கொள்வோம். அதுவரை பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.